பதினொண்ணு எடுத்தேன், ஒண்ணு விட்டேன்

கண்டக்டர்! ஏப்பா கண்டக்டர்! அந்தப் பாட்டை முதல்ல நிறுத்துப்பா. வேற எதையாவது போடு. குத்துப்பாட்டு போடு, சாமிப்பாட்டு போடு, எது வேணா போடு, இது மட்டும் வேணாம். என்னம்மா? உங்களுக்குப் பிடிச்ச பாட்டா? பிடிக்கட்டும். காஞ்சிபுரத்துல இறங்கினதும் நாள் பூரா கேளுங்க, யாரு வேணாம்னா? ஒரு மணி நேரம் என்னை விடுங்க.

நிறுத்திட்டான். நல்ல மனுஷன்.

நீங்க என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? பக்கத்துல ஒரு லூசு வந்து உக்காந்துட்டான்னு நினைக்கறீங்களா? நான் சும்மா கத்தற ஆள் இல்ல. அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணதே நான்தான். ஆமா, சினிமாப் பாட்டு ஒலிப்பதிவு. முப்பத்திரண்டு வருஷம். வேதமூர்த்தின்னு பேர். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. படம் முடிஞ்சு கடைசியா எழுத்து ஓடும் பாருங்க, அதுல வரும். நீங்க அப்போ பைக்கை எடுக்கப் போயிருப்பீங்க.

அந்தப் பாட்டுல ரெண்டாவது சரணத்துல ஒரு வளையல் சத்தம் வருமே, தெரியுமில்ல? யாருக்குத் தெரியாது. 'வா'ன்னு ஒரு இழுப்பு இழுப்பா. இழுத்து முடிச்சதும் கிலுங்னு ஒரு சத்தம். கண்ணாடி வளையல். பாட்டு வந்து பத்து வருஷம் ஆச்சு. படமும் ஓடல, பாட்டும் ஓடல. இப்ப ஆறு மாசமா எங்க பார்த்தாலும் அதுதான். பொண்ணுங்க எல்லாம் அந்த இடத்துல கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டி வீடியோ போடுதுங்க. எங்க தெரு அயர்ன் கடைக்காரன் போன்ல அதுதான் ரிங்டோன். அவன் போன் எப்ப அடிச்சாலும் எனக்கு ரத்தம் கொதிக்குது.

ஏன்னா அந்தச் சத்தம் என் தப்பு தம்பி.

சிரிக்காதீங்க. தப்புன்னு சொன்னா தப்புதான். பாட்டுல இருக்கக்கூடாத சத்தம் அது. எடுக்க வேண்டியவன் நான், எடுக்காம விட்டவனும் நான். இப்ப அதைத் தூக்கி மியூசிக் டைரக்டர் தன்னுதுன்னு சொல்லிட்டான். ஆதிரன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது சினிமாவுக்கு வெச்சுக்கிட்ட பேர். தோள்ல கீபோர்டைத் தூக்கிட்டு எங்க ஸ்டுடியோ வாசல்ல வந்து நின்னப்போ ஆதிமூலம். நான்தான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சேன்.

போன மாசம் டிவியில பேட்டி குடுக்கறான். பேட்டி எடுக்கற பொண்ணு கேக்குது, "சார், அந்த வளையல் சத்தம் எப்படி சார் தோணுச்சு?" இவன் கண்ணை மூடிக்கறான். அப்புறம் சொல்றான், "கதாநாயகி புருஷனுக்காகக் காத்திருக்கா. அவ வாயால சொல்ல முடியாததை வளையல் சொல்லணும்னு தோணுச்சு. மயிலாப்பூர்ல நாலு கடை ஏறி இறங்கி, சுருதி சேர்ற வளையலாப் பார்த்து வாங்கினேன்." நாலு கடை ஏறி இறங்கினானாம்! பக்கத்துக் கடைக்குப் போய் டீ குடிக்கவே கார் கேக்கறவன் அவன். சுருதி சேர்ற வளையலாம்! என் கையில இருந்த காப்பியை அப்படியே வெச்சுட்டேன். என் வீட்டம்மா, "விடுங்க, அவர்தானே பாட்டுப் போட்டார், ஏதோ சொல்லிட்டுப் போறார்"ங்கறா. அவகிட்டயும் சண்டை.

இதோட விட்டானா? அடுத்த மாசம் எங்க சங்கத்து ஆண்டு விழா. ஒலிப்பதிவாளர் சங்கம், நான் எட்டு வருஷம் கமிட்டியில இருந்த சங்கம். அந்த மேடையில அந்த வளையல் சத்தத்துக்காக அவனுக்கு விருது குடுக்கறாங்க. கூட்டத்துல எழுந்து நின்னேன். "ஐயா, அது என்னுடைய தப்பு, அவருக்கு விருது குடுக்கக்கூடாது"ன்னேன். எல்லாரும் சிரிக்கறாங்க. தலைவர் சொல்றார், "வேதமூர்த்தி, தப்புக்கு யாராவது உரிமை கேப்பாங்களா? சரி, ஆதாரம் இருந்தா எழுத்துல குடுங்க." செக்ரட்டரியும் தலையாட்டறான்.

உரிமை கேப்பேன் தம்பி. ஏன் கேக்கக்கூடாது? பத்து வருஷம் அந்தத் தப்பை வயித்துல கட்டிக்கிட்டு இருந்தவன் நான். பிரிவியூவுல உக்காந்து முதல் தடவை கேட்டப்போ, யாராவது திரும்பிப் பாக்கறாங்களான்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன். யாராவது கண்டுபிடிச்சா என் மானம் போயிருக்கும். அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. திட்டு வந்திருந்தா எனக்கு, பாராட்டு வந்தா அவனுக்கா? எந்த ஊரு நியாயம் இது?

ஆனா ஆதாரத்துக்கு எங்க போறது. பாட்டு முடிஞ்சதும் டிஸ்க்கை அழிச்சு அடுத்த படத்துக்குக் குடுத்துடுவோம். அன்னைக்கு ரூம்ல இருந்தது மூணே பேர். நான், ஆதிமூலம், அப்புறம் அந்தப் பொண்ணு சுகந்தி.

சுகந்தி யாருன்னா டிராக் பாடறவ. டிராக்னா தெரியுமா உங்களுக்கு? பெரிய பாடகிங்களுக்கு உக்காந்து பாட்டுக் கத்துக்க நேரம் இருக்காது. அதனால இங்க ஒருத்தரை வெச்சு முதல்ல பாட்டை முழுசாப் பாட வெச்சுடுவோம். அதை அவங்களுக்கு அனுப்பிடுவோம். அவங்க வரும்போது கார்ல கேட்டுக்கிட்டே வந்து அதே மாதிரி பாடிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் முதல் குரலை அழிச்சுடுவோம், அவ்வளவுதான். இதுல அநியாயம் ஒண்ணும் இல்ல, இதுதான் தொழில். சுகந்தி எங்களுக்கு நாலு வருஷம் பாடினா. சுருதி சுத்தம். எதுவும் கேக்க மாட்டா. அதனாலயே அவளைத்தான் கூப்பிடுவோம்.

அன்னைக்குக் காலையில வரா, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! என் ரூம்ல வாட்ச் கட்டக்கூடாது. கொலுசு கூடாது. சட்டைப்பையில சில்லறை கூடாது. மொடமொடன்னு கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கிட்டு வந்த பெரிய அம்மாவையே திருப்பி அனுப்பினவன் நான். ஒரு பாடகரை அரைஞாண் கயித்துல இருந்த தாயத்தைக் கழட்ட வெச்சேன். இவ கை நிறைய வளையலோட வந்து நிக்கறா.

"கழட்டும்மா"ன்னேன்.

"நாலு நாளைக்கு முன்னாடிதான் வளைகாப்பு சார். பிரசவம் ஆகற வரைக்கும் கழட்டக்கூடாது"ங்கறா.

ஏழு மாசம். நான் அப்பதான் வயித்தைக் கவனிச்சேன். வேற எஞ்சினியரா இருந்தா வெளிய போன்னு சொல்லியிருப்பான். நான் சொல்லல. எனக்கு மனசு இளகின சுபாவம். பாத்ரூம்ல இருந்த டர்க்கி டவல் ரெண்டை எடுத்துட்டு வந்து, அவ ரெண்டு கையிலயும் நானே சுத்தி, ஒயர் ஒட்டற டேப்பால இறுக்கக் கட்டிவிட்டேன். எலும்பு முறிஞ்சவ மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னா. உக்கார ஸ்டூல் கேட்டா. ஸ்டூல் கிறீச்சுங்கும், வேணாம்னுட்டேன். ஏசி இரையும், அதை நிறுத்திட்டேன். மூணு மணி நேரம் பாடினா. ஒரு தடவை தண்ணி கேட்டா, குடுத்தேன்.

அவ்வளவு பண்ணியும் வளையல் சத்தம் வருது! எப்படி வருதுன்னே புரியல. கண்ணாடி வழியாப் பாக்கறேன், பாட்டு எழுதின தாள் வெச்ச ஸ்டாண்டு அவ கையை மறைக்குது. பட்டனை அமுக்கி, "கையை ஆட்டாதம்மா"ன்னு சொல்வேன். "சரி சார்"ம்பா. அடுத்த வரியில மறுபடி கிலுங்கும்.

சரி, அழிக்கப்போற குரல்தானேன்னு விட்டுட்டேன். மறுநாள் மும்பையில இருந்து இஷானி வந்தாங்க. பெரிய பேர். சாயங்காலம் திரும்பிப் போக ஃபிளைட். ஒரு மணி நேரம் பாடினாங்க. ரெண்டு வரி மட்டும் அவங்களுக்குச் சரியா வரல. ஆதிமூலம், "அந்த ரெண்டு வரிக்கு டிராக்கையே வெச்சுடுங்க சார்"ன்னான். வெச்சேன். அது ஒண்ணும் குத்தம் இல்ல தம்பி, எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். கல்யாணச் சமையல்ல உப்பு பத்தலைன்னா பக்கத்து வீட்டுல வாங்கிப் போடறதில்லையா?

அப்புறம் உக்காந்தேன் பாருங்க. மூணு நாள். பாட்டு பூரா பன்னிரண்டு வளையல் சத்தம். அரிசியில கல் பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். குரல் மேல கீறல் விழாம சத்தத்தை மட்டும் எடுக்கணும். என் காது அப்படிப்பட்ட காது. பக்கத்து ரூம்ல குண்டூசி விழுந்தா எந்தப் பக்கம் விழுந்ததுன்னு சொல்வேன். பதினொண்ணு எடுத்தேன். ஒண்ணு மட்டும் எப்படியோ தப்பிச்சுடுச்சு. அந்த ஒண்ணுதான் இப்ப ஊரெல்லாம் கிலுங்குது.

மாமண்டூர் தாண்டியாச்சா? இல்லையா. சரி.

அந்தப் பொண்ணைத் தேடினேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவ திரும்பிப் பாட வரல. நாங்களும் வேற ஆளைப் பார்த்துக்கிட்டோம். எங்க தபலாக்காரர் ஒருத்தர் சொன்னார், செய்யாறுல இருக்கா, பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர், வீட்டுக்காரர் பூவராகன் தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார்னு. இன்னைக்குக் காலையில பஸ் ஏறி வந்தேன். சும்மா வரல, லெட்டர் தயார் பண்ணி எடுத்துட்டு வந்தேன். நானே சொல்லச் சொல்ல டைப் அடிக்க வெச்சது. என் கையெழுத்தும் போட்டாச்சு. கீழ சாட்சியா அவ ஒரு கையெழுத்து போட்டா போதும். இருங்க, காட்டறேன். படிக்கறேன் கேளுங்க.

"மேற்படி பாடலில் திருமதி சுகந்தி அவர்களின் குரலுடன் சேர்ந்து பதிவான பன்னிரண்டு வளையல் ஒலிகளில் பதினொன்றை மூன்று நாட்கள் உழைத்து நானே நீக்கினேன் என்றும், எஞ்சிய ஒன்றைத் தவறுதலாக விட்டுவிட்டேன் என்றும், அந்தத் தவறு முழுக்க முழுக்க எனக்கே உரியது என்றும், அதில் இசையமைப்பாளருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்."

எப்படி? வக்கீல் கூட இப்படி எழுத மாட்டான்.

கடைக்குப் பின்னாடியே வீடு. நல்லாத்தான் வரவேத்தா. "வேதமூர்த்தி சார், வாங்க வாங்க"ன்னு ஃபேனைப் போட்டா. எவர்சில்வர் டம்ளர்ல காப்பி குடுத்தா. ஆள் கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டா. கையில ஒரே ஒரு கவரிங் வளையல். ஆதிமூலம் பேட்டியைச் சொன்னேன், விருதைச் சொன்னேன், எனக்கு நடக்கற அநியாயத்தை எல்லாம் சொன்னேன். அழாத குறை. பொறுமையாக் கேட்டா. "கொண்டாங்க சார்"னு லெட்டரை வாங்கிப் படிச்சா. ஒரு தடவை படிச்சா. மறுபடியும் முதல்ல இருந்து படிச்சா.

"பன்னிரண்டுன்னு போட்டிருக்கீங்களே சார், எண்ணினீங்களா?"

"எண்ணாம? என் காதைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"நானும் எண்ணினேன் சார். பன்னிரண்டு தடவைதான் ஆட்டினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆட்டினியா? வேணும்னே ஆட்டினியா?"

"துண்டைக் கட்டினது நீங்க சார். அவுத்துவிட்டது நான்"ங்கறா. கொஞ்சம் கூடப் பதட்டம் இல்ல. காப்பி ஆறிடும் குடிங்கங்கற மாதிரி சொல்றா!

பாருங்க தம்பி, என் ரூம்ல, என் மைக்குக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, வேணும்னே சத்தம் போட்டிருக்கா. முப்பத்திரண்டு வருஷத்துல எவனும் எனக்கு இப்படி ஒரு துரோகம் பண்ணது இல்ல. ஏம்மா இப்படிப் பண்ணேன்னு கத்தினேன். கடையில ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருந்த ஆளுங்க எட்டிப் பார்த்தாங்க.

அவ சொல்றா, "அதுக்கு முந்தின வருஷம் ஒரு பாட்டுப் பாடினேன் சார், ஞாபகம் இருக்கா? அழிச்சுடுவோம்னீங்க. படம் வந்தப்போ ரேடியோவுல கேட்டேன், என் குரல். வேற பேர் சொல்றாங்க. வீட்டுல சொன்னேன், இவர்கூட நம்பல. எங்க மாமியார், எல்லாப் பொண்ணுங்களும் ஒரே மாதிரிதான் பாடுதுங்க, உனக்கு மட்டும் என்ன தனியான்னாங்க. டம்ளரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார்."

திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியா சுகந்தின்னு வெட்டியிருக்கு. கல்யாணச் சீர்ல குடுக்கற பாத்திரத்துல எல்லாம் பேர் வெட்டுவாங்களே, அது.

"கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் குடுத்தா எது நம்முதுன்னு தெரியணும்ல சார். அதுக்குத்தான் ஆட்டினேன்"ங்கறா.

நான் விடல. "அம்மா, ரெண்டே ரெண்டு வரி. வெறும் ரெண்டு வரிக்கு இவ்வளவு பெரிய வேலையா?"

அப்பதான் லெட்டரை என் முன்னாடி வெச்சு அந்த வரியில விரலை வெச்சா. "ரெண்டு வரிக்குள்ள பன்னிரண்டு தடவை கையை ஆட்ட முடியுமா சார்? பல்லவியில மூணு ஆட்டினேன். சரணத்துக்கு மூணு மூணு. ஹம்மிங்ல மூணு. எல்லாத்தையும் மூணு நாள் உக்காந்து எடுத்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அழிக்கப்போற குரலுக்கு எதுக்கு சார் கல் பொறுக்கினீங்க?"

டம்ளர்ல மிச்சம் இருந்த காப்பியை ஒரே மடக்குல குடிச்சேன்.

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நீங்க யாரோ, நான் யாரோ. பாட்டு பூரா அவ குரல்தான். இஷானிக்கு அந்த மெட்டு உக்காரவே இல்ல. ஆதிமூலம் சொன்னான், "படத்துக்கு அவங்க பேர்தான் சார் வேணும், குரல் இதுவே இருக்கட்டும்." செஞ்சேன். நான் மெஷின் முன்னாடி உக்கார்றவன் தம்பி. சத்தம் சுத்தமா இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை, பேர் போடறது என் வேலை இல்ல. அதுவும் இல்லாம இப்ப பேச்சு அது இல்லவே இல்ல. பேச்சு வளையலைப் பத்தி. வளையல் சத்தம் யாரோட தப்பு, அதைச் சொல்லுங்க முதல்ல. அதை விட்டுட்டு குரல், பேருன்னு எங்கெங்கயோ போறா.

அதையேதான் அவகிட்டயும் சொன்னேன். அதுக்கு அவ மெதுவாச் சொன்னா. "எம் பொண்ணு நாலாவது படிக்கிறா சார். அன்னைக்கு வயித்துல இருந்தாளே, அவ. பள்ளிக்கூட விழாவுல இந்தப் பாட்டுக்கு ஆட விட்டாங்க. எங்கம்மா பாடின பாட்டுன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா. பொய் சொல்லாதேன்னு டீச்சர் அவளை வெளிய நிக்க வெச்சுட்டாங்க. விழா முடியற வரைக்கும் நின்னிருக்கா. வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேக்கறா, நீதானேம்மா பாடினேன்னு சொன்னே, அப்ப நீ பொய்யா, டீச்சர் பொய்யான்னு."

பாவம்தான். நான் இல்லைங்கல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் போய் அந்தப் பள்ளிக்கூடத்துல சொல்ல முடியுமா?

"முன்னாடியே கேட்டிருக்கலாமே, பத்து வருஷம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே"ன்னேன்.

"என்னன்னு கேக்கறது சார்? யார் கையை ஆட்டினாலும் வளையல் கிலுங்கும். உள்ள இருந்த ஆள் ஒருத்தர் எழுதிக் குடுத்தாத்தான் நம்புவாங்க. யார் எழுதித் தருவாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நீங்களே டைப் அடிச்சு, கையெழுத்தும் போட்டு, பஸ் ஏறி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

அப்படியே பேனாவை எடுத்து கையெழுத்து போட்டா தம்பி. தயங்கவே இல்ல. கல்யாணப் பத்திரிகையில மஞ்சள் தடவற மாதிரி அவ்வளவு சந்தோஷமாப் போட்டா. "தேதி விட்டுப்போச்சு சார், போடுங்க"ன்னு என்னை வேற போட வெச்சா. நானும் போட்டேன்! என்னவோ மாதிரி ஆயிட்டேன் அந்த நேரத்துல. பூவராகன் அதுவரைக்கும் கடைக் கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார். வந்தார், லெட்டரை எடுத்தார், கடைக்குப் போனார். மெஷின் வெளிச்சம் போயிட்டுப் போயிட்டு வருது. எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கேன். பத்து காப்பி. அசலை மடிச்சுக் கவர்ல போட்டு என் கையில குடுத்தார். நான் பர்ஸை எடுக்கறேன், "நமக்குள்ள என்ன சார்"ங்கறார்!

நமக்குள்ளயா? எனக்கும் உனக்கும் என்னய்யா இருக்கு?

இப்ப என் நிலைமையைப் பாருங்க. இந்த லெட்டரைச் சங்கத்துல குடுத்தா ஆதிமூலத்துக்கு விருது இல்லாமப் போயிடும். நான் ஜெயிச்சுடுவேன். ஆனா அதே லெட்டர்ல பாட்டு பூரா வேற ஒருத்தி குரல்னு என் கையெழுத்துல இருக்கு. குடுக்கலைன்னா அவன் மேடை ஏறி என் தப்புக்கு மாலை வாங்கிக்குவான். கிழிச்சுப் போட்டுடலாம்னு எடுத்தேன், இதோ இந்த ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு பாருங்க. அப்பதான் பத்து காப்பி ஞாபகம் வந்துச்சு. கிழிச்சு என்ன பிரயோஜனம். ஒரு நல்ல மனுஷனை இப்படியா மாட்டி விடுவாங்க? நான் கட்டின துண்டு, நான் குடுத்த தண்ணி, எல்லாம் மறந்து போச்சு அவளுக்கு.

இருங்க, போன் அடிக்குது.

செக்ரட்டரி. இது நாலாவது தடவை. மூணு தடவையும் எடுக்கல. அதுக்குள்ள லெட்டர் காப்பி போன்லயே சங்கத்துக்குப் போயிருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மனு அனுப்பக் கத்துக் குடுக்கணுமா என்ன? அடிக்கட்டும், அடிச்சு ஓயட்டும்.

இன்னொண்ணு சொல்லணும். அதைத்தான் என்னால தாங்கவே முடியல. கிளம்பி வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருக்கேன். பின்னாடி வந்து நின்னா. "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஒண்ணை நிஜமாவே தெரியாமதான் விட்டீங்களா?"

இது என்ன கேள்வி? "தெரியாமதாம்மா. என் காதுக்குத் தப்பினது அது ஒண்ணுதான்"ன்னேன்.

அவ சிரிச்சா. கிண்டலாச் சிரிச்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன். கிண்டல் இல்ல. என் மேல ஏதோ பிரியம் இருக்கற மாதிரி சிரிச்சா. "பன்னிரண்டுலயே அதுதான் சார் பெரிய சத்தம். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, நிக்க முடியல. கோபத்துல ரெண்டு கையையும் சேர்த்து ஆட்டினேன்"ங்கறா.

பெரிய சத்தமாம். எனக்குத் தெரியாததா! மூணு நாள் கேட்டவன் நான். குண்டூசி சத்தத்தைக் கண்டுபிடிக்கறவன், ரெண்டு கை வளையல் சத்தத்தை எப்படி விடுவேன்? அப்படி எல்லாம் இருக்காது. மெல்லிசா, குரலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும் அது. அதனாலதான் தப்பிச்சுது. கண்ணுல தூசி விழற மாதிரி. தெரிஞ்சு விடறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா? தெரிஞ்சு விட்டா அது தப்பே இல்லையே தம்பி. அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு அந்தப் பாட்டுல?

பாலாறு வந்துடுச்சு. ஊர் நெருங்கிடுச்சு.

என்னப்பா கண்டக்டர்? அந்த அம்மாங்க மறுபடி அதையே கேக்கறாங்களா? போடு. போட்டுத் தொலை. இல்ல, கோபம் எல்லாம் இல்ல, போடு. ரெண்டாவது சரணத்துக்குத் தள்ள முடியுமா? முடியாதா. சரி, முதல்ல இருந்தே வரட்டும்.

தம்பி, நீங்க கேட்டுச் சொல்லுங்க. நான் ஆறு மாசமா இதைக் காது குடுத்துக் கேட்டதே இல்ல. எங்க போட்டாலும் எழுந்து போயிடுவேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்து இரையுது. இது பல்லவி. இங்க மூணு எடுத்தேன், இப்ப ஒண்ணும் தெரியாது பாருங்க, சுத்தமா இருக்கும். மூச்சு எப்படி விடறா பாருங்க. மூணு மணி நேரம் நின்னுக்கிட்டு, ஏழு மாசத்துல. ம். இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. எடுத்துட்டேன். ரெண்டாவது சரணம். பேசாதீங்க. இப்ப 'வா'ம்பா. இழுக்கறா. இன்னும் இழுக்கறா.

இப்ப.

சத்தமாத்தான் தம்பி இருக்கு.